ஐம்பது குண்டே நிலத்தில் ஒரு குடும்பம்!

காலை ஆறேகால் மணி. பால் பாக்கெட் வந்துவிட்டது. பேப்பர் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு குரல் கேட்கும்.

“சொப்பூ... தண்டு சொப்பூ... மெந்த்ய சொப்பூ!”

பெங்களூருக்குப் பிழைக்க வந்த நமக்கு முதலில் பாடமாகும் கன்னடச் சொற்களில் ‘சொப்பு’ம் ஒன்று. சொப்பு என்றால் கீரை. முள்ளங்கி இங்கே மூலங்கி, கத்தரிக்காய் பதனேகாயி, பீன்ஸ் ஹுரளிகாயி. ரேஷன் கார்டு கைக்கு வருவதற்கு முன்பே இந்தப் பெயர்கள் நாக்கில் ஏறிவிடும்.

அந்தக் குரலுக்குரிய அம்மாள் பதினோரு வருடங்களாக எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருகிறார். மழையானாலும் பண்டிகையானாலும் வராமல் இருந்ததில்லை. ஆனால் போன கோடையில் மூன்று நாட்கள் அவரைக் காணோம். நாலாம் நாள் வந்தபோது என்னவென்று விசாரித்தேன்.

“மோட்டார் எரிஞ்சு போச்சு அண்ணா. மூணு நாளாத் தண்ணியில்லே. வாடின கீரையை உங்க கையிலே எப்படிக் குடுக்கிறது?” என்றார்.

வாடிய கீரையின் மேல் தண்ணீர் தெளித்து விற்கும் ஊரில் இப்படி ஒரு பதில்! இந்தக் கீரை எங்கே விளைகிறது, யார் விளைவிக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் எனத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டேன்.

கிருஷ்ணராஜபுரத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரம். ஒரு பக்கம் பன்னிரண்டு மாடிக் கட்டிடம், மறுபக்கம் புதிதாகக் கல் நட்ட லேஅவுட். நடுவில் ஒரு பச்சைத் துண்டு. அதுதான் அவர்கள் தோட்டம்.

மொத்தம் 1 ஏக்கர் 10 குண்டே. நம் ஊரில் சென்ட் என்று கணக்குப் பார்ப்போம், கர்நாடகத்தில் குண்டே. 40 குண்டே சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஒரு குண்டே நம் கணக்கில் இரண்டரை சென்ட். ஆக, இவர்களுடைய நிலம் 50 குண்டே, அதாவது 125 சென்ட். இதில் மாமியார், மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி, பள்ளிக்கூடம் போகும் பேரன் என்று ஐந்து ஜீவன்கள் பிழைக்கின்றன. மாடு இரண்டு தனி.

இது அபூர்வமான குடும்பமல்ல. 2015-16ஆம் ஆண்டின் விவசாயக் கணக்கெடுப்புப்படி இந்தியாவிலுள்ள சாகுபடி நிலங்களில் நூற்றுக்கு 86 இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. நாடே இப்படிப்பட்ட சின்னத் துண்டுகளில்தான் பயிர் செய்கிறது.

35 பாத்திக் கணக்கு

அந்த அம்மாளின் கணவர் மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டுத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். பள்ளிப் படிப்பு ஏழாவதோடு சரி. ஆனால் அவர் சொன்ன கணக்கைக் கேட்டு, முப்பது வருடம் லெட்ஜர் எழுதிய நான் அசந்து போனேன்.

கீரை விதைத்த நாளிலிருந்து அறுக்கிற நாள் வரை ஏறக்குறைய நான்கு வாரம். 28 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நிலத்திலும் ஒரே நாளில் விதைத்தால், ஒரே நாளில் அறுக்க வேண்டியதுதான். அன்றைக்கு மலை போலக் கீரை. மறுநாளிலிருந்து ஒரு மாதம் கை வெறுங்கை. வாடிக்கைக்காரர்களுக்கோ தினமும் கீரை வேண்டும்.

ஆகவே கீரை நிலத்தை 35 பாத்திகளாகப் பிரித்திருக்கிறார். ஒவ்வொன்றும் அரைக் குண்டே. 28 பாத்திகளில் 28 வயதில் கீரை நிற்கும். நேற்று விதைத்தது ஒன்று, நாளை அறுக்க வேண்டியது ஒன்று. மீதி ஏழு பாத்திகள் எருவைத் தின்று ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். தினமும் ஒரு பாத்தி அறுவடை, தினமும் ஒரு பாத்தி விதைப்பு. வெந்தயக் கீரை 25 நாளில் வந்துவிடும், கொத்தமல்லிக்கு 40 நாள் ஆகும். அதனால் கணக்கு சற்று முன்பின் ஆகலாம். ஆனால் சக்கரம் நிற்பதில்லை.

மீதி நிலத்தில் முள்ளங்கி, பீன்ஸ், கத்தரி, தக்காளி. வேலியில் அவரையும் பீர்க்கும். மார்கழி, தை வந்தால் பெங்களூர்க்காரர்களுக்கு அவரைக்காய்ப் பைத்தியம் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் வேலியே அவர்களுக்குப் போனஸ்!

தண்டுக்கீரை விதை கடுகைவிடப் பொடி. வெறும் கையால் தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஆகவே மணலோடு கலந்து தூவுகிறார்கள். கொத்தமல்லி விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் போடவேண்டும். முழுசாகப் போட்டால் முளைப்பு மந்தம். இந்த வேலையெல்லாம் எழுபது வயது மாமியாரின் இலாகா. அவர் விதைத்தால்தான் ஒரே சீராக முளைக்கும் என்று வீட்டில் நம்பிக்கை.

பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அசுவினிக்குச் சாம்பல். மற்றதற்கு வேப்பங்கொட்டைக் கரைசல். ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டராகப் பெருக்கித் தெளிக்கிறார்கள். தக்காளிக்கு மட்டும் சில சமயம் கடை மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. அடித்தால், டப்பாவில் போட்டிருக்கிற நாள் கணக்கு முடியும் வரை காயைப் பறிப்பதில்லையாம்.

“அந்தக் காயை எங்க வீட்லயும்தானே சார் சாப்பிடறோம்!” என்றார்.

ஏரிக்குக் கீழே தமிழ்க் கை

இவர்கள் வீட்டில் பேசுகிற பாஷை கொஞ்சம் தமிழ், கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் தெலுங்கு. மாமியார் பேசும்போது என் பாட்டியின் காலத்துச் சொற்கள் சில காதில் விழுந்தன. விசாரித்ததில் இவர்கள் திகளர் வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது.

பெங்களூரின் தோட்டக் கலைக்குத் திகளர்கள் பரம்பரை ஆசான்கள். தமிழ் பேசும் பகுதிகளிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறியவர்கள் இவர்களுடைய முன்னோர். 1760-ல் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். அந்த லால்பாக்கோடு சேர்த்து ஊர் மக்கள் இன்றைக்கும் சொல்கிற பெயர் திகளர்களுடையது. சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகத்தைப் பார்க்காத பெங்களூர்த் தமிழர் உண்டா? அந்தக் கரகம் இவர்களுடையதுதான். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்வரும் திருவிழா அது.

அந்தக் காலத்தில் ஊரைச் சுற்றி ஏரிகள். ஏரிக்குக் கீழே தோட்டங்கள். தோட்டத்துக் காய் விடிவதற்குள் பேட்டைக்கு வந்து சேரும். ஏரி போனபின் என்ன ஆயிற்று? தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவ ஸ்டேடியமாயிற்று. கரகத்துக்காக மூலையில் ஒரு சின்னக் குளம் மட்டும் மிஞ்சியது. ஊரிலிருந்து வந்து மெஜஸ்டிக்கில் மூட்டையோடு இறங்கும்போது நாம் கால் வைப்பது ஒரு பழைய ஏரியில்தான்!

ஏரிகள் போகப் போகத் தோட்டங்களும் ஒவ்வொரு மைலாகப் பின்வாங்கின. இவர்களுடைய குடும்பமும் அப்படி நகர்ந்து நகர்ந்து இங்கே வந்ததுதான். இப்போது ஊர் மறுபடியும் துரத்திக்கொண்டு வந்துவிட்டது.

மிஞ்சியிருக்கிற ஏரிகள் பலவற்றில் சாக்கடை கலந்துவிட்டது. அந்த நீரில் வளரும் கீரையில் கன உலோகங்கள் சேரக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் பல தடவை எச்சரித்திருக்கிறார்கள். இவர்கள் பாய்ச்சுவது போர்வெல் தண்ணீர். கர்நாடகத்தில் பத்து குதிரைச் சக்தி வரையுள்ள பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரம் நம் கையில் இல்லை. நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து மடை திருப்ப வேண்டும்.

கைமாறக் கைமாற...

சரி, விளைந்ததை எப்படி விற்கிறார்கள்? இந்தக் குடும்பம் பிழைத்துக் கிடப்பதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு பாத்தியில் 200 கட்டுக்குக் குறையாமல் கீரை வருகிறது. மண்டிக்குப் போட்டால் கட்டுக்கு ஐந்தோ ஆறோ ரூபாய். அதிலும் வண்டி வாடகை, இறக்குக் கூலி, கமிஷன் என்று கழிந்துவிடும். அதே கட்டை எங்கள் தெருவில் பதினைந்து ரூபாய்க்குக் கொடுக்கிறார். நாங்களும் கடையைவிட மலிவாக, அன்று விடிகாலையில் அறுத்த கீரையை வாங்குகிறோம். இருவருக்கும் லாபம். நஷ்டம் என்றால் நடுவில் இருப்பவருக்குத்தான்.

நாம் கொடுக்கும் ஒரு ரூபாய் எங்கே போகிறது என்பதற்கு ரிசர்வ் வங்கியின் ஆய்வே சாட்சி. 2024 அக்டோபரில் வெளிவந்த அந்தக் கட்டுரைப்படி, தக்காளிக்கு நாம் தரும் ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதி வழியிலேயே கரைந்துவிடுகிறது. வண்டி வாடகையும், அழுகிப்போகும் சரக்கும், சில்லறைக் கடைக்காரரின் பிழைப்பும் அதில் அடக்கம்தான். ஆனால் ஐம்பது குண்டே வைத்திருப்பவர் 33 காசில் குடும்பம் நடத்த முடியாது. அவருக்கு முழு ரூபாய் வேண்டும். அதற்கு அவர் சாப்பிடுகிறவர் வீட்டு வாசலுக்கே வரவேண்டும்.

இந்த உண்மையைப் பெரியவர்கள் எப்போதோ கண்டார்கள். கர்நாடகத் தோட்டக்கலைத் துறையின் இயக்குநராயிருந்த டாக்டர் மரிகவுடாவின் முயற்சியால் 1959-ல் திராட்சை விவசாயிகளுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதுவே வளர்ந்து ‘ஹாப்காம்ஸ்’ ஆயிற்று. பஞ்சாபில் 1987-ல் ‘அப்னி மண்டி’, ஆந்திராவில் 1999 ஜனவரியில் ‘ரைது பஜார்’, அதே ஆண்டு நவம்பரில் மதுரையில் நம் உழவர் சந்தை. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: விளைவிப்பவரும் உண்பவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். சந்தைக்கு வரமுடியாத ஆபீஸ்காரர்களுக்கு இந்த அம்மாளே ஒரு நடமாடும் உழவர் சந்தை!

அவருக்கு வாடிக்கை வீடுகள் அறுபது. அவற்றோடு இரண்டு மெஸ், ஒரு மூலைக்கடை. எந்த வீட்டில் எந்தக் கிழமையில் கீரை ஆகாது, எந்த வீட்டில் வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணுக்கு முருங்கைக்கீரை வேண்டும், யாருக்குச் சர்க்கரை வியாதிக்காக வெந்தயக் கீரை வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விதைக்கும்போதே இந்தக் கணக்கும் பார்க்கப்படுகிறது. கன்னடக்காரர்கள் வீட்டுக்குச் சப்பஸிகே, அதாவது சதகுப்பைக் கீரை. நம்மவர்கள் வீட்டுக்கு அரைக்கீரை.

மூன்று சோதனைகள்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மண்டிக்குப் போகும் வழி அடைபட்டு, எத்தனையோ விவசாயிகள் தக்காளியையும் முட்டைக்கோஸையும் வயலிலேயே உழுதுவிட்டார்கள். இந்தத் தோட்டத்தில் ஒரு பாத்திகூட வீணாகவில்லை. அம்மாளும் மகனும் மொபெட்டில் மூட்டை கட்டி, வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். சம்பளம் வராத சில வீடுகளுக்குக் கடனாகவும் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் தூத்துக்குடிக்காரர் ஒருவர் ஆறு மாதம் கழித்து அந்தக் கடனை அடைத்தார். அம்மாள் அதை எழுதிக்கூட வைத்திருக்கவில்லை!

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ஊரெல்லாம் அதே பேச்சு. இவர்களுக்கும் ஆசை வந்தது. கீரைப் பாத்திகளில் பாதியை அழித்துத் தக்காளி நட்டார்கள். நட்டு இரண்டு மாதம் கழித்துத்தானே காய்க்கும்? செப்டம்பரில் காய் வந்தபோது விலை தரைமட்டம். பறிக்கிற கூலிக்கும் காணவில்லை. “மத்தவங்க லாபத்தைப் பார்த்து விதைச்சா, நமக்கு நஷ்டம்தான் விளையும்” என்று கணவர் சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்த வருடம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போயிற்று.

2024 மார்ச்சில் பெங்களூரே தண்ணீருக்குத் தவித்தது நினைவிருக்கும். போர்வெல்கள் வரிசையாக வற்றின. இவர்களுடைய போர்வெல் சாகவில்லை. ஆனால் அரை மணி ஓடினால் ஒரு மணி மூச்சு வாங்கியது. 35 பாத்தியில் 15 மட்டுமே பச்சையாக நின்றது. அறுபது வீட்டுக்கும் அரைக் கட்டு வீதம் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் விலையை ஏற்றச்சொல்லி நாங்களே சொன்னோம். இரண்டு ரூபாய்தான் ஏற்றினார்.

தம்பியின் பங்கு

இதையெல்லாம் தாண்டியவர்களுக்கு இப்போது வந்திருப்பது வேறு விதமான சோதனை.

50 குண்டேயில் 25 தம்பிக்குச் சொந்தம். தம்பி வாடகை வண்டி ஓட்டுகிறார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள், வண்டிக்கடன் பாக்கி. இத்தனை வருடமும் தம் பங்குக்குக் கொஞ்சம் குத்தகைப் பணம் வாங்கிக்கொண்டு அண்ணனையே பயிர் செய்யவிட்டிருந்தார். பக்கத்து நிலம் சைட்டாகிவிட்ட பிறகு தரகர்கள் வாரந்தவறாமல் வருகிறார்கள். அவர்கள் சொல்லும் தொகை, குத்தகையாக நூறு வருடம் வாங்கினாலும் சேராத தொகை.

தம்பி பேராசைக்காரர் அல்ல. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் போர்வெல் இருப்பது அவர் பங்கில்! அந்தப் பாதி போனால் மீதிப் பாதிக்குத் தண்ணீர் கிடையாது. புதிதாகப் போர் போடலாம் என்றால், ஆயிரம் அடி இறக்கினாலும் நீர் கிடைக்குமென்று யாரும் சொல்லமுடியாத பூமி இது.

யுகாதி வரை தவணை கேட்டிருக்கிறார் அண்ணன். குத்தகையை உயர்த்திக் கொடுப்பது, போர்வெல் இருக்கும் ஐந்து குண்டேயை மட்டுமாவது விலைக்கு வாங்குவது என்று யோசனை ஓடுகிறது. பி.காம். படிக்கும் மகள் ஒரு நோட்டுப்புத்தகத்தில் வரவு செலவு எழுதி, எத்தனை வாடிக்கை வீடு கூடினால் எத்தனை ரூபாய் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அறுபது வீடு நூறு வீடானால் தாக்குப்பிடிக்கலாம் என்பது அவளுடைய கணக்கு. மண்டிக்குப் போகும் மீதிக் கட்டுகளும் அப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு வேறொரு நினைவு வந்தது. வட ஆற்காட்டில் என் தகப்பனாருக்கு 60 சென்ட் கத்தரித் தோட்டம் இருந்தது. கவலை இறைத்து வளர்த்த தோட்டம். நான் 1979-ல் குமாஸ்தா வேலைக்கு இங்கே வந்துவிட்டேன். 1984-ல் தங்கையின் கல்யாணத்துக்காக அதை விற்றோம். விற்றது தவறென்று இன்றும் சொல்லமாட்டேன், வேறு வழியில்லை. ஆனால் அப்போது எங்கள் வீட்டில் யாரும் இப்படி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் ஊரில் அப்படி ஒரு துண்டு இருந்திருக்கும். சிலருக்கு இன்னும் இருக்கலாம்.

நம்மால் ஆவது

இந்தத் தோட்டத்தைக் காப்பாற்ற நாம் நிதி திரட்ட வேண்டியதில்லை. மனு எழுத வேண்டியதும் இல்லை. வாங்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்.

ஒன்று, பேரம் பேசாமல் வாங்குங்கள். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கீரைக்கு நாம் பேரம் பேசுவதில்லையே! இரண்டாவது, நாளைக்கு என்ன வேண்டும் என்பதை இன்றே சொல்லிவிடுங்கள். அதைப் பொறுத்துத்தான் விடிகாலையில் எத்தனை கட்டு அறுப்பது என்று முடிவு செய்கிறார்கள். மூன்றாவது, எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று கேளுங்கள். நல்ல தண்ணீரில் விளைவித்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். நான்காவது, ஒரு வாரம் முருங்கை மலிந்தால் முருங்கை, மறுவாரம் முள்ளங்கி மலிந்தால் முள்ளங்கி என்று தோட்டத்தின் போக்குக்குச் சமையலைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளுங்கள். முள்ளங்கியின் இலையையும் எறியாதீர்கள். அது பொரியலுக்கு ஆகும்.

உங்கள் தெருவுக்கும் இப்படி ஒருவர் வரக்கூடும். அவர் பின்னால் ஒரு போர்வெல்லும், ஒரு பாட்டியும், ஒரு நோட்டுப்புத்தகமும் இருக்கும்.

நான் விடைபெற்றபோது வெயில் ஏறிவிட்டது. பாட்டி அன்று அறுத்து முடித்த பாத்தியில் எருவைக் கொத்திப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வாரம் அது ஓய்வெடுக்கும். அதற்குப் பிறகு விதைத்தால் அறுக்க இன்னும் 28 நாள். யுகாதி வருவதற்குள் அந்தப் பாத்தியில் ஒரு கீரை எடுத்துவிடலாம்.

எங்கள் தெருவில் இதுவரை ஏழு புதிய வீடுகள் சேர்ந்திருக்கின்றன. இனி முப்பத்துமூன்று பாக்கி.